தனியார் ராக்கெட் ஏவ அனுமதி வாங்குவது எப்படி: புதிதாக இறங்குபவர்களுக்கு

ராக்கெட் கம்பெனியில் புதிதாகச் சேர்பவருக்கு என்ஜின் பற்றியும் எரிபொருள் பற்றியும் சொல்லித்தர ஆள் இருக்கிறது. "இதை ஏவ யாரிடம் கேட்க வேண்டும்?" என்று கேட்டால்தான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காக. இந்தியக் கம்பெனி ஒன்று இங்கிருந்து சின்ன ராக்கெட் ஒன்றை ஏவ நினைத்தால் எந்த வரிசையில் எந்தக் கதவைத் தட்டுவது, எங்கே மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம் என்று பார்ப்போம்.

நம் நாட்டில் முதலில் பறந்த தனியார் ராக்கெட்டுகள் இரண்டு. ஹைதராபாத் ஸ்கைரூட்டின் விக்ரம்-எஸ், 2022 நவம்பர் 18. சென்னை அக்னிகுல்லின் அக்னிபான் சோதனை ராக்கெட், 2024 மே 30. இரண்டும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியவை, இரண்டும் சுற்றுப்பாதைக்குப் போகாத சோதனைகள். ஆகவே சுற்றுச்சூழல் விஷயத்தில் நமக்குச் சொந்த அனுபவம் குறைவு. அந்தப் பகுதிக்கு அமெரிக்காவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். ராக்கெட்டை முடித்துவிட்டு அப்புறம் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிற காகிதம் இல்லை இது. ஏவும் திசை, எரிபொருள், மேடையின் தரை எல்லாவற்றையும் அனுமதிதான் பாதி தீர்மானிக்கிறது. கடைசிக்கு வைத்துக்கொண்டால் விண்ணப்பத்தை அல்ல, ராக்கெட்டையே திருத்த வேண்டி வரும்.

அரசு ஏன் இவ்வளவு துருவுகிறது?

1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின் 6ஆவது பிரிவுப்படி, தனியார் விண்வெளியில் என்ன செய்தாலும் அதற்கு அவர்கள் நாட்டு அரசே பொறுப்பு. அனுமதி தருவதோடு முடியாது, தொடர்ந்து மேற்பார்வையும் செய்ய வேண்டும். 1972ஆம் ஆண்டின் பொறுப்பு ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: உங்கள் ராக்கெட் பிறநாட்டுத் தரையிலோ, பறக்கும் விமானத்திலோ சேதம் விளைவித்தால், தவறு யாருடையது என்ற வாதத்துக்கே இடமில்லை. ஏவிய நாடு பணம் கட்ட வேண்டும். 1978இல் சோவியத்தின் காஸ்மோஸ் 954 செயற்கைக்கோள் அணு உலையோடு கனடாவில் விழுந்தது. கனடா 60 லட்சம் கனேடிய டாலர் கேட்டது, 1981இல் 30 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூரியன் பே அருகே கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளை, பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் நிலை என்று உறுதியானது. யாருக்கும் காயமில்லை. ஆனாலும் கேள்வி வந்தது டெல்லிக்குத்தான்.

நீங்கள் தப்பு செய்தால் பில் அரசுக்குப் போகும். அதிகாரி ஒவ்வொரு பக்கத்திலும் கேள்விக்குறி போடுவதற்குக் காரணம் இதுதான் என்று தெரிந்துகொண்டால் பாதி எரிச்சல் குறையும்.

முதல் வேலை: கம்பெனியின் அமைப்பு

விண்ணப்பிப்பவர் இந்திய நிறுவனமாக இருக்க வேண்டும். வெளிநாட்டு முதலீட்டு வரம்பு 2024 பிப்ரவரியில் மாறியது. ராக்கெட், அதன் துணை அமைப்புகள், ஏவுதளம் ஆகியவற்றில் 49 சதவீதம் வரை அரசிடம் முன்அனுமதி கேட்காமலே வரலாம். செயற்கைக்கோள் தயாரிப்புக்கும் இயக்கத்துக்கும் அது 74 சதவீதம், உதிரிபாகங்களுக்கு 100 சதவீதம். முதலீட்டுச் சுற்று முடிந்த பிறகு 49ஐத் தாண்டிவிட்டோமே என்று விழிப்பதைவிட, கையெழுத்துக்கு முன்பே கம்பெனிச் செயலாளரிடம் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது: எங்கிருந்து, எந்தத் திசையில்

இதை ஏன் இவ்வளவு முன்னால் வைக்கிறேன் என்றால், பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதில் தொங்குகிறது.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கே ஏவுவது சுலபம். முன்னால் வங்காள விரிகுடா. ஆனால் பூமியைப் படமெடுக்கும் சின்னச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை துருவப் பாதைக்குப் போக வேண்டியவை. அதற்கு நேராகத் தெற்கே போக வேண்டும். நேர் தெற்கே போனால் வழியில் இலங்கை. அதனால் பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்காகப் போய், இலங்கையைத் தாண்டியபின் திரும்புகிறது. இந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவு. பெரிய ராக்கெட் தாங்கிக்கொள்ளும். சின்ன ராக்கெட்டுக்கு அது சுமந்து போகும் எடையிலேயே பெரும்பங்கைத் தின்றுவிடும்.

தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம். அங்கிருந்து நேர் தெற்கே நிலமே இல்லை. 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். நிலம் 2,200 ஏக்கருக்கு மேல். எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சின்ன ராக்கெட்டுகளை மனதில் வைத்துக் கட்டப்படும் தளம் அது, தனியாருக்கும் அதில் இடமுண்டு.

வழிகள் மூன்று. இஸ்ரோவின் மேடையையே பயன்படுத்துவது ஒன்று. விக்ரம்-எஸ் ஸ்ரீஹரிகோட்டாவின் ஆய்வு ராக்கெட் மேடையிலிருந்துதான் போனது. இஸ்ரோ வளாகத்துக்குள் சொந்த மேடை கட்டிக்கொள்வது இரண்டாவது; அக்னிகுல்லின் 'தனுஷ்' மேடை அப்படி 2022 நவம்பரில் திறக்கப்பட்டது, கட்டுப்பாட்டு மையம் அதிலிருந்து நான்கு கிலோமீட்டர். மூன்றாவது, வெளியே சொந்த நிலம். முதல் ராக்கெட்டுக்கு மூன்றாவது வழியை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள் என்பேன். ஆள் நடமாட்டமில்லாத பாதுகாப்பு வட்டம், ரேடார், தீயணைப்பு, கடலோர அனுமதி எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வெளிநாட்டு ஏவுதளத்துக்குப் போய்விட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். இந்திய நிறுவனம் எங்கிருந்து ஏவினாலும் இங்கே அங்கீகாரம் வேண்டும். கூடவே அந்த நாட்டு லைசென்ஸும்.

மூன்றாவது: இன்-ஸ்பேஸ்

விண்வெளித் துறையின் கீழ் தன்னாட்சியோடு இயங்கும் இந்த அமைப்பை 2020 ஜூனில் அறிவித்தார்கள். தலைமையகம் அகமதாபாத்தின் போபலில். தனியாருக்கான ஒற்றைச் சாளரம் இதுதான். நம்மிடம் விண்வெளிக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2023 ஏப்ரலில் வந்த விண்வெளிக் கொள்கையும், 2024 மேயில் இன்-ஸ்பேஸ் வெளியிட்ட விதிமுறைகள்-வழிகாட்டல்கள்-நடைமுறைகள் ஆவணமும்தான் கையில் இருப்பவை. துறையில் இதை என்.ஜி.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். முதல் வாரத்திலேயே பிரின்ட் எடுத்து மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் இல்லாத இடத்தில் நடைமுறை ஆவணத்தின் ஒவ்வொரு வரிக்கும் எடை அதிகம்.

வேலை இப்படி நகரும். இன்-ஸ்பேஸின் இணையதளத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்வீர்கள். இஸ்ரோவின் சோதனை நிலையமோ மேடையோ வேண்டுமானால் முதலில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுவீர்கள். அப்புறம் எந்த இஸ்ரோ மையம், எந்தக் கருவி, எத்தனை நாள், என்ன கட்டணம் என்று கூட்டுத் திட்ட ஆவணம் ஒன்று தனியாக எழுதப்படும். இவை வசதிகளுக்கு மட்டும். ஏவுவதற்கான அங்கீகாரம் வேறு விண்ணப்பம், அதுவும் அந்தக் குறிப்பிட்ட பறப்புக்கு. இரண்டையும் ஒன்றாக நினைத்து, ஒப்பந்தம் ஆனதுமே "அனுமதி கிடைத்துவிட்டது" என்று பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கும் பழக்கத்தைக் கம்பெனியில் ஆரம்பத்திலேயே நிறுத்துங்கள்.

பரிசீலனைக்கு 75 முதல் 120 நாள் என்று கணக்கு. அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது விண்ணப்பம் முழுமையாக இருக்கும்போதுதான். ஒரு பாதுகாப்பு அறிக்கை குறைந்தாலும் ஓடாது. வேறு அமைச்சகங்களின் கருத்து தேவைப்பட்டால் ஃபைல் அங்கேயும் சுற்றி வரும். முதல் முறை விண்ணப்பிப்பவர்கள் இந்த 120ஐ அப்படியே அட்டவணையில் போடாமல் இரண்டு மடங்காக வைத்துக்கொள்வது நல்லது.

நான்காவது: யார் தலையிலும் விழாது என்று காட்டுவது

விண்ணப்பத்தில் அதிக நேரம் தின்பது பறப்புப் பாதுகாப்பு அறிக்கை. புதியவர்கள் இதை ராக்கெட் எவ்வளவு நல்ல ராக்கெட் என்று நிரூபிக்கும் இடமாக நினைத்துவிடுகிறார்கள். இங்கே கேட்பது நேர் எதிரான கேள்வி: ராக்கெட் கெட்டுப்போகும் என்றே வைத்துக்கொள்வோம், எந்த நொடியில் கெட்டால் துண்டுகள் எங்கே விழும், அங்கே எத்தனை பேர் இருப்பார்கள்?

கணக்கு செய்யும் முறை இதுதான். பறப்பை நொடி நொடியாகப் பிரிக்கிறீர்கள். ஒவ்வொரு நொடியிலும் என்ஜின் நின்றால், திசை மாறினால், வெடித்தால் என்று தனித்தனியாகப் பார்க்கிறீர்கள். துண்டுகளின் எடை, வடிவம், அன்றைய காற்று இவற்றை வைத்து விழும் பகுதியை வரைகிறீர்கள். அந்தப் பகுதியின் மக்கள் அடர்த்தியால் பெருக்கி, எல்லா நொடிகளையும் கூட்டினால் ஒரு எண் வரும். அமெரிக்காவில் ராக்கெட்டுக்கு லைசென்ஸ் தரும் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. இதற்கு வைத்திருக்கும் உச்சவரம்பு, ஒரு பறப்பில் பொதுமக்களில் ஒருவருக்கு உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்படும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. தனி மனிதர் யாருக்கும் அது பத்து லட்சத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. பறக்காத புது ராக்கெட்டுக்குத் தோல்வி வாய்ப்பை மிக அதிகமாக வைத்துத்தான் கணக்கிடச் சொல்வார்கள். உங்கள் தன்னம்பிக்கைக்கு அந்தச் சூத்திரத்தில் இடமில்லை.

எண் வரம்பைத் தாண்டினால்? காற்று கடலை நோக்கி வீசும் நேரத்துக்கு மாற்றலாம், திசையைச் சில பாகை திருப்பலாம், ஆட்களை அப்புறப்படுத்தும் வட்டத்தைப் பெரிதாக்கலாம். மூன்றும் முடியாவிட்டால் அந்த இடத்தையே மறந்துவிட வேண்டியதுதான்.

இந்தக் கணக்கின் உயிர்நாடி, பாதை தவறும் ராக்கெட்டை நடுவானில் முடித்துவைக்கும் அமைப்பு. எஃப்.டி.எஸ். என்று சொல்வார்கள். அக்னிகுல் இதை இஸ்ரோவிடமிருந்தே வாங்கியது. 2022 நவம்பரில் ஒப்படைத்தார்கள், தனியார் ராக்கெட்டுக்கு இஸ்ரோ கொடுத்த முதல் அமைப்பு அது. உள்ளூரிலேயே அங்கீகரிக்கப்பட்ட ஒன்று கிடைக்கும்போது சொந்தமாகச் செய்கிறேன் என்று கிளம்புவது முதல் பறப்பில் வேண்டாத வீரம். இது வேலை செய்தால் போதாது, உடனே வேலை செய்ய வேண்டும். 2023 ஏப்ரல் 20இல் டெக்ஸாஸில் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் முதல் பறப்பில் அழிப்புக் கட்டளை போன பிறகும் ராக்கெட் உடைய சுமார் 40 விநாடி ஆனது. அடுத்த பறப்புக்கு முன் மாற்ற வேண்டியவற்றில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்தது.

ஐந்தாவது: எரிபொருளை எங்கே வைப்பது

இதற்கு நாக்பூரில் தலைமையகம் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவிடம் போக வேண்டும். திட எரிபொருள் என்றால் 2008 வெடிபொருள் விதிகள். திரவ ஆக்சிஜன் தொட்டி என்றால் 2016 அழுத்தக்கலன் விதிகள். மண்ணெண்ணெய் வகைக்குப் பெட்ரோலிய விதிகள். சோதனை நிலையம் ஒரு மாவட்டத்திலும் ஏவுதளம் இன்னொரு மாநிலத்திலும் இருந்தால் எரிபொருள் போகும் பாதைக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும். தொட்டி செய்பவர் பெசோ அங்கீகாரம் பெற்றவரா என்று ஆர்டர் கொடுக்குமுன் பாருங்கள். தொட்டி வந்து இறங்கிய பிறகு கேட்பதில் அர்த்தமில்லை.

ஆறாவது: சுற்றுச்சூழல்

இந்தியாவில் ராக்கெட்டுக்காக எழுதிய சுற்றுச்சூழல் விதி மிகக் குறைவு. அதனால் இது லேசான வேலை என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெளிவான விதி இல்லாத இடத்தில் வழக்கு போடுவதும் தெளிவாக இருக்காது, தடை வந்தால் எப்போது நீங்கும் என்றும் சொல்ல முடியாது. டெக்ஸாஸின் போக்கா சிக்காவில் நடந்ததைப் பார்த்தால் என்னென்ன கேள்வி வரும் என்று பிடிபடும்.

அந்தக் கடற்கரை, புலம்பெயர் பறவைகளும் கெம்ப்ஸ் ரிட்லி கடலாமைகளும் வரும் இடம். ஒருபக்கம் மாநிலப் பூங்கா. 2014இல் முடிந்த முதல் சுற்றுச்சூழல் ஆய்வு ஃபால்கன் ராக்கெட்டுகளுக்கானது. ஸ்பேஸ்எக்ஸ் அதே இடத்தில் ஸ்டார்ஷிப்பைக் கொண்டுவந்ததும் பழைய ஆய்வு பயன்படவில்லை. புதிதாகச் செய்து, 2022 ஜூன் 13இல் 75க்கும் மேற்பட்ட நிபந்தனைகளோடு முடிவு வந்தது. அந்த நிபந்தனைகளில் சில நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். கடற்கரைக்குப் போகும் ஒரே சாலையை ஆண்டுக்கு 500 மணி நேரத்துக்கு மேல் மூடக் கூடாது, விபத்து நடந்தால் மட்டும் கூடுதலாக 300. பட்டியலிட்ட 18 விடுமுறை நாட்களில் மூடவே கூடாது. குலசையில் (குலசேகரப்பட்டினத்தைச் சுருக்கி அப்படித்தான் சொல்வார்கள்) முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் கூடுகிறது. அந்த நாட்களை ஏவும் காலண்டரில் முதலிலேயே சிவப்பு மையால் அடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

அப்புறம் 2023 ஏப்ரல் 20 வந்தது. 33இல் சுமார் 30 என்ஜின்கள் எரிந்த வேகத்தில் மேடையின் கான்கிரீட் பெயர்ந்து பள்ளமானது. அமெரிக்க மீன்-வனவிலங்குத் துறை கணக்கெடுத்தபோது துண்டுகள் சுமார் 385 ஏக்கரில் சிதறியிருந்தன, பூங்கா நிலத்தில் மூன்றரை ஏக்கர் எரிந்திருந்தது, பொடியான கான்கிரீட் மேகம் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் வரை போய்ப் படிந்திருந்தது. ராக்கெட்டின் தீங்கைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதலாம். அங்கே பறந்து விழுந்தது தரை.

அதைச் சரிசெய்யத் தண்ணீர் பீய்ச்சும் எஃகுத் தகட்டை மேடைக்கு அடியில் பொருத்தினார்கள். சேதம் நின்றது, புதுக் கேள்வி பிறந்தது: அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? எஃப்.ஏ.ஏ. 2023 செப்டம்பர் 8இல் விபத்து விசாரணையை முடித்தது. லைசென்ஸ் வந்ததோ நவம்பர் 15இல். நடுவில் வனவிலங்குத் துறை இந்தத் தண்ணீர் அமைப்பின் விளைவை ஆராய்ந்துகொண்டிருந்தது. அதோடும் விடவில்லை. முறையான அனுமதி இல்லாமல் தண்ணீரை வெளியேற்றியதாக 2024இல் மாநில வாரியம் 3,750 டாலரும், மத்திய சுற்றுச்சூழல் முகமை 1,48,378 டாலரும் அபராதம் விதித்தன. குடிக்கிற தரமுள்ள தண்ணீர்தான் என்பது கம்பெனியின் வாதம். தொழிற்சாலை ஒன்றிலிருந்து வெளியேறும் தண்ணீர், எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அனுமதியோடுதான் வெளியேற வேண்டும் என்பது அதிகாரிகளின் நிலை. நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதையேதான் சொல்லும், சந்தேகமில்லை.

சரி, நம் பக்கம் வருவோம். சோதனை நிலையமோ மேடையோ கட்டுமுன் 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இவற்றின்கீழ் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவ இசைவு, முடித்தபின் இயக்க இசைவு. ஸ்ரீஹரிகோட்டா திருப்பதி மாவட்டத்தில் இருப்பதால் அது ஆந்திர வாரியம்; சென்னையில் அலுவலகம் வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிட வேண்டாம். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்குள் வருவீர்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் எதைக் கட்டினாலும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. இஸ்ரோ வளாகத்துக்குள் மேடை என்றால் வளாகத்துக்கான அனுமதிகள் பல ஏற்கெனவே இருக்கும். நீங்கள் கொண்டுவரும் எரிபொருளும் தொட்டியும் அதற்குள் அடங்குமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல் அதிகாரி மாறும்போது போய்விடும்.

இதற்கு மேல், சட்டம் கேட்காவிட்டாலும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஏவுவதற்கு முன்பே ஓராண்டு இடத்தை அளந்து பதிவு செய்வது. ஒலி, மண், கிணற்றுத் தண்ணீர், பறவை எண்ணிக்கை. ஸ்ரீஹரிகோட்டாவுக்கு சூலூர்பேட்டையிலிருந்து போகும் சாலையே பழவேற்காடு ஏரியின் நடுவில்தான் போகிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் சாலையிலிருந்தே தெரியும். மே மாதத்தில் ஒரு வாரம் போய் எண்ணிவிட்டு "பறவைகள் குறைவு" என்று அறிக்கை எழுதினால் முதல் விசாரணையிலேயே கிழிந்துவிடும். தமிழகக் கடற்கரையில் ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. இரவில் மேடை விளக்குகளின் வெளிச்சம் கடற்கரையில் விழுகிறதா என்பது அப்போது முக்கியமான கேள்வி. குலசைக் கரை, ராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தைத் தொட்டது. உட்பகுதியில் தேரி மணல், மேல்மண் காற்றோடு நகரும். எங்கே என்ன படிந்தது என்று பின்னால் சண்டை வந்தால் முந்தைய அளவு இல்லாமல் வாதாட முடியாது.

எரிபொருள் வாரியாகவும் பிரித்து எழுதுங்கள். அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியமும் கலந்த திட எரிபொருள் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் அலுமினா தூளும் வரும்; மேடைக்கு அருகே மண்ணையும் தண்ணீரையும் அமிலமாக்குவது இதுதான். திரவ ஆக்சிஜனும் விமான எரிபொருளும் என்றால் தரையில் தொல்லை குறைவு, ஆனால் புகைக்கரி மேல் வளிமண்டலத்தில் நீண்ட நாள் தங்கும். அதற்கு இன்னும் எங்கும் வரம்பு போடவில்லை. போட்டால் மண்ணெண்ணெய் ராக்கெட்காரர்கள்தான் முதலில் மாட்டுவார்கள் என்பது என் ஊகம்.

ஏழாவது: கடலும் வானமும்

வான்வழிக்கு விமானப் போக்குவரத்து அதிகாரிகள் மூலம் 'நோட்டாம்' எனப்படும், விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு. கடலுக்கு டேராடூனில் உள்ள கடற்படை நீரியல் அலுவலகம் மூலம் கப்பல்களுக்கான எச்சரிக்கை. இந்தக் கடல் பகுதியில் அந்த எச்சரிக்கைகளை ஒருங்கிணைக்கும் நாடு இந்தியாதான். இஸ்ரோ வளாகத்திலிருந்து ஏவினால் இந்த வேலையைச் செய்யப் பழகிய ஆட்கள் அங்கேயே இருப்பார்கள்.

கப்பலுக்குப் போகிற எச்சரிக்கை ஃபைபர் படகுக்குப் போய்ச் சேராது. அபாயப் பகுதியை அட்சரேகை, தீர்க்கரேகை என்று நான்கு எண்களாக அடித்து மீன்வளத் துறைக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். எந்த ஊருக்கு நேர் எதிரே, எத்தனை பாகம் ஆழத்துக்கு அப்பால், காலை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று எழுதி ஊர்க் கமிட்டியிடம் கொடுங்கள். கோயில் மைக்கிலும் சர்ச் மைக்கிலும் முதல் நாள் மாலை சொல்லச் சொல்லுங்கள். ஏவுதல் ஒத்திப்போனால் அதையும் அதே மைக்கில் சொல்ல வேண்டும். அக்னிகுல்லின் முதல் பறப்பு நான்கு முறை தள்ளிப்போய் ஐந்தாவது முறைதான் நடந்தது. ஒவ்வொரு தள்ளிவைப்பும் கரையில் இருப்பவருக்கு ஒரு நாள் தொழில். அந்தக் கூலியைத் திட்டச் செலவில் ஒரு வரியாகப் போடும் கம்பெனியைக் கரையோர ஊர்கள் வேறு விதமாக நடத்தும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் இருக்கும், நாட்டுப்படகுகள் மட்டும் போகும். முதல் சோதனைக்கு இது வசதியான பருவம்.

சின்னதாகத் தெரியும், காலை வாரிவிடும் சில

அலைவரிசை: ராக்கெட்டிலிருந்து தரவு அனுப்பும் கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு உரிமம் தர வேண்டும். கருவி வாங்குமுன் எந்த அலைவரிசை கிடைக்கும் என்று கேளுங்கள்.

ஏற்றுமதிக் கட்டுப்பாடு: ராக்கெட்டும் ஏவுகணையும் தொழில்நுட்பத்தில் பங்காளிகள். 2016இல் இந்தியா ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் சேர்ந்தது. 500 கிலோவை 300 கிலோமீட்டர் கொண்டுபோகக்கூடிய எதுவும் அதில் கடுமையான முதல் பிரிவு. அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாதவற்றின் நம் நாட்டுப் பட்டியலான ஸ்கோமெட்டின் ஐந்தாம் பிரிவு இதற்கானது. பெட்டியில் வைத்துக் கப்பலில் அனுப்பினால்தான் ஏற்றுமதி என்று நினைக்காதீர்கள், வரைபடத்தை மின்னஞ்சலில் வெளிநாட்டு ஆலோசகருக்கு அனுப்புவதும் ஏற்றுமதிதான்.

காப்பீடு: மூன்றாம் நபர் சேதத்துக்கு எவ்வளவு என்று நம் நாட்டில் சட்டத்தில் எழுதிய எண் இல்லை. இன்-ஸ்பேஸ் சொல்லும் அளவுக்குக் காப்பீடோ உத்தரவாதமோ வேண்டும். அமெரிக்காவில் அதிகபட்ச இழப்பை எஃப்.ஏ.ஏ. கணக்கிட்டுச் சொல்கிறது, பொதுமக்கள் சேதத்துக்கு 50 கோடி டாலருக்கு மேல் காப்பீடு கேட்பதில்லை. நம்மிடமும் அப்படி ஒரு உச்சவரம்பு வர வேண்டும் என்பது துறையில் பலரின் கோரிக்கை. வரும்வரை காப்பீட்டுக் கம்பெனிகளோடு பேச்சை ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

எட்டாவது: மேலே போன பிறகு

சுற்றுப்பாதைக்குப் போகும் ராக்கெட் என்றால் ஏவும் நொடியும் உங்கள் கையில் முழுதாக இல்லை. 2023 ஜூலை 30இல் பி.எஸ்.எல்.வி.-சி56 காலை 6:30க்குப் பதில் 6:31க்குக் கிளம்பியது. பாதையில் குறுக்கிடக்கூடிய பொருளோடு மோதலைத் தவிர்க்க அந்த ஒரு நிமிடம். இஸ்ரோவின் கண்காணிப்புப் பிரிவு இந்தக் கணக்கைச் செய்கிறது. உங்கள் பாதைத் தரவை அவர்கள் கேட்கும் வடிவத்தில் முன்கூட்டியே கொடுக்க வேண்டும்.

ராக்கெட்டில் சுற்றுப்பாதை வரை போகும் கடைசிப் பகுதியான மேல்நிலையை அங்கேயே விட்டுவரக் கூடாது. மீதி எரிபொருளை வெளியேற்றி, பேட்டரியை வெறுமையாக்கி, முடிந்தால் கீழே இறக்கும் திட்டம் விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும். 2030க்குள் இந்தியப் பயணங்கள் எதுவும் குப்பை விடக் கூடாது என்று 2024 ஏப்ரலில் அறிவித்திருக்கிறார்கள். இன்று வரைந்து 2028இல் பறக்கப்போகும் ராக்கெட்டுக்கு இது எதிர்கால விஷயம் இல்லை. சுற்றுப்பாதையில் விடப்படும் ஒவ்வொன்றின் விவரத்தையும் 1975 ஒப்பந்தப்படி ஐ.நா. பதிவேட்டுக்கு அரசு அனுப்பும். அந்த விவரத்தை அரசுக்குக் கொடுப்பது உங்கள் வேலை.

லைசென்ஸ் கைக்கு வந்தபின் செய்யும் மாற்றங்களில் கவனம் வேண்டும். 2024 செப்டம்பரில் எஃப்.ஏ.ஏ. ஸ்பேஸ்எக்ஸுக்கு 6,33,009 டாலர் அபராதம் முன்மொழிந்தது. 2023இல் ஃப்ளோரிடாவில் நடந்த இரண்டு ஏவுதல்களுக்காக. அனுமதி பெறாத புதுக் கட்டுப்பாட்டு அறையைப் பயன்படுத்தியது, ஏவுவதற்கு இரண்டு மணி நேரம் முன் நடத்த வேண்டிய சரிபார்ப்பை விட்டது, அனுமதி பெறாத எரிபொருள் நிலையத்திலிருந்து நிரப்பியது என்பவை குற்றச்சாட்டு. பறப்புகள் வெற்றிதான். விண்ணப்பத்தில் எழுதிய அறையும் தொட்டியும் வேறு, பயன்படுத்தியவை வேறு. ஆகவே அங்கீகாரத்தில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கம்பெனியில் ஒரு ஆளின் பெயரைப் போடுங்கள். அவர் கையெழுத்து இல்லாமல் வால்வு நம்பர்கூட மாறக் கூடாது.

பறப்பு தோற்றால், அன்று மாலையே தரவுப் பதிவுகளையும் வீடியோக்களையும் பூட்டி நகலெடுங்கள்; தொலைபேசியில் எடுத்த படங்களையும் சேர்த்து. விழுந்த துண்டு எதையும் விசாரணைக் குழு வருமுன் நகர்த்த வேண்டாம். இன்-ஸ்பேஸுக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். ஸ்டார்ஷிப்பின் முதல் பறப்புக்குப் பின் திருத்த வேண்டியவை என்று பட்டியலானவை 63. உங்கள் பட்டியல் சின்னதாக இருக்கலாம், ஆனால் எழுதுவது நீங்களாக இருந்தால் நல்லது. அதிகாரி எழுதினால் நீளும். அடுத்த பறப்புக்கு மறுபடி விண்ணப்பம்தான். அப்போது முதல் ஏவுதலில் வேலியருகே எடுத்த ஒலி அளவு, கிணற்றுத் தண்ணீர் மாதிரி, படகு எண்ணிக்கை, துண்டுகள் உண்மையில் விழுந்த இடம் எல்லாம் கையில் இருந்தால் ஊகத்தில் போட்ட எண்களை எடுத்துவிட்டு அளந்த எண்களைப் போடலாம்.